சொந்த மெயில் சர்வரா, வாடகை மெயிலா? சிறு நிறுவனங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறிய அலுவலகம் அது. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் பன்னிரண்டு பேர். பிரிண்டர், சிசிடிவி, நெட் என்று எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் முதலாளி டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, மெயிலுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு மாசாமாசம் எதுக்குங்க கட்டோணும்? அந்த மூலைல பழைய சர்வர் சும்மாதானுங்க கெடக்குது. அதுலயே நம்ம மெயில ஓட்டிக்கலாமல்லங்க?"

"ஓட்டலாமுங்கண்ணா, ஆனா..." என்றேன். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் இருந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு வாரம் ஆனது. அதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம். லினக்ஸ் சர்வரோடு தினமும் புழங்கும் ஆள் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால், மெயிலை வாடகைக்கு எடுங்கள். ஆனால் டொமைனும் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பேக்கப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எந்த மெயில் கம்பெனியிலிருந்தும் ஒரு வார இறுதியில் வெளியேறிவிடலாம். இல்லையென்றால், சர்வர் உங்கள் வீட்டுப் பூஜையறையிலேயே இருந்தாலும் அது உங்களுடையது அல்ல.

முதல் படி: டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

சொந்த சர்வரா வாடகையா என்று யோசிக்கும் முன்பு இதைப் பாருங்கள். பல சிறு நிறுவனங்களில் டொமைனை வாங்கிக் கொடுத்தவர் வெப்சைட் போட்டுத் தந்த பையன். அவருடைய கணக்கில், அவருடைய ஜிமெயிலில், அவருடைய கார்டில் வாங்கியிருப்பார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, அன்றைக்கு அதுதான் சுலபமாக இருந்தது. நான்கு வருடம் கழித்து அவர் பெங்களூரில் வேலைக்குப் போயிருப்பார், போன் நம்பர் மாறியிருக்கும், டொமைன் காலாவதியாக இன்னும் ஒன்பது நாள் இருக்கும்.

டொமைன் காலாவதியானால் வெப்சைட் மட்டும் போகாது, எல்லோருடைய மெயிலும் நின்றுவிடும். அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிவிட்டால் உங்கள் பழைய பையர் அனுப்பும் ஆர்டர் அவருக்குத்தான் போகும். அதனால் இன்றே செய்ய வேண்டியவை: டொமைன் விற்ற நிறுவனத்தின் தளத்தில் முதலாளி பெயரில் ஒரு கணக்கு. அதில் இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டோடு போனில் வரும் குறியீடும் கேட்பது). தானியங்கிப் புதுப்பித்தல், முடிந்தால் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குச் சேர்த்து.

இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. அந்தக் கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் மெயில் முகவரி, அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் நின்றால் மெயில் வராது, மெயில் வராமல் கணக்குக்குள் நுழைய முடியாது, நுழையாமல் டொமைனைப் புதுப்பிக்க முடியாது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதற்கு மட்டும் ஒரு தனி ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உண்மையில் எத்தனை வழிகள் இருக்கின்றன?

சொந்தம், வாடகை என்று இரண்டாகச் சொல்கிறோமே தவிர, நம் ஊரில் நடைமுறையில் இருப்பது இன்னும் கொஞ்சம் குழப்பமானது.

நிறுவனத்தின் பெயரை முன்னால் போட்ட இலவச ஜிமெயில் ஒன்று. ஆள் வேலையை விட்டுப் போனால் அந்தக் கணக்கும் அவரோடு போய்விடும். வெளிநாட்டுப் பையருக்கும் அதைப் பார்த்தால் நம்பிக்கை வராது. கடை ஆரம்பித்த முதல் மாதத்துக்குச் சரி, அதற்குமேல் வேண்டாம்.

அடுத்தது வெப்சைட் ஹோஸ்டிங்கோடு "அன்லிமிடெட் மெயில் இலவசம்" என்று வருவது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் நாமே ஐம்பது முகவரி உருவாக்கிக்கொள்ளலாம். நான் பார்த்த சிறு நிறுவனங்களில் பாதிக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. இதன் சிக்கல் விலையில் இல்லை. ஒரே சர்வரில், ஒரே ஐபி முகவரியில் (இணையத்தில் அந்த சர்வரை அடையாளம் காட்டும் எண்), உங்களைப் போல நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். அவற்றில் ஏதோ ஒரு பழைய வேர்ட்பிரஸ் தளத்தை யாரோ உடைத்து ஸ்பேம் அனுப்பினால், உங்கள் கொட்டேஷனும் சேர்ந்தே திரும்பி வரும். சொந்த சர்வரின் சுதந்திரமும் இல்லை, வாடகை மெயிலின் நிம்மதியும் இல்லை. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத வழி.

மூன்றாவது, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முழுநேர மெயில் சேவை: ஸோஹோ, கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவை. நான்காவது, வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரிலோ (ஒரு பெரிய கணினியில் நமக்கென்று பிரித்துத் தரும் பங்கு) அலுவலகத்துக் கணினியிலோ நாமே நிறுவி நடத்துவது. ஐந்தாவது, இவற்றைக் கலப்பது. கலப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஒரு காகிதத்தில் கணக்கெடுங்கள்

எத்தனை பேர் என்று கேட்டால் உடனே பதில் வரும். எத்தனை முகவரி என்று கேளுங்கள், அப்போதுதான் அக்கவுண்ட்ஸ், எக்ஸ்போர்ட், ஹெச்ஆர், டாக்குமெண்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான சேவைகளில் ஒரே பெட்டிக்குப் பல பெயர்கள் வைக்கலாம், அல்லது ஒரு பொதுப் பெயருக்கு வருவதை மூன்று பேருக்குப் பிரித்து அனுப்பலாம். அதற்குத் தனிக் கட்டணம் இருக்காது. எங்கள் பன்னிரண்டு பேர் அலுவலகத்தில் முகவரிகள் இருபத்தொன்று, காசு கொடுக்க வேண்டிய பெட்டிகள் பத்துதான்.

அடுத்து, இணைப்புகளின் அளவு. ஜெர்மனியிலிருந்து ஒரு டெக் பேக் (உடையின் அளவும் வடிவமைப்பு விவரமும் உள்ள கோப்பு) வரும், நாம் ஃபோட்டோ எடுத்த சாம்பிள் படங்களைத் திருப்பி அனுப்புவோம். 25 எம்பி வரை அனுப்பலாம் என்று கூகுள் சொல்கிறது. ஆனால் மெயிலில் கோப்பு எழுத்துகளாக மாறித்தான் பயணம் செய்யும், அப்போது மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். ஆகவே 18 எம்பியைத் தாண்டினாலே சந்தேகம்தான். பெரிய கோப்புகளுக்கு லிங்க் அனுப்பும் வசதி சேவையோடு வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள்? தனித்தனிக் கடிதமா, அல்லது ஆயிரம் வாடிக்கையாளருக்கு ஒரே விளம்பரமா? இரண்டும் வேறு வேறு தொழில். இரண்டையும் ஒரே வழியில் அனுப்பினால் விளம்பரத்தின் பாவம் கடிதத்தையும் பிடிக்கும்.

கடைசிக் கேள்வி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் நின்றால் யாருக்குப் போன் போகும்? அந்தக் காகிதத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். "கம்ப்யூட்டர் தம்பி" என்று எழுதினால், அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: அனுப்புவதுதான் கஷ்டம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

சொந்த சர்வர் என்றதும் எல்லோரும் மெயில் வந்து சேருவதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். மின்வெட்டு வந்தால், நெட் போனால் வருகிற மெயில் தொலைந்துவிடுமே என்று. தொலையாது. அனுப்பிய சர்வர் உடனே கைவிடாது. நான்கைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே மெயில் விதிமுறை சொல்லும் அளவு. இரண்டு மணி நேரம் சர்வர் தூங்கினால் மெயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

அனுப்புவது அப்படியில்லை. சர்வர்கள் மெயில் அனுப்பப் பயன்படுத்தும் எஸ்எம்டிபி முறை 1982இல் எழுதப்பட்டது. ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் மட்டும் புழங்கிய காலம் அது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் கடிதம் போடலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. பிறகு ஸ்பேம் பெருகியது, அடைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இன்றைக்கு உங்கள் சர்வரிலிருந்து ஒரு மெயில் வெளியே போனால் பெறும் சர்வர் கேட்கும் கேள்விகள் இவை.

இந்த ஐபி முகவரிக்கு ஒழுங்கான பெயர் இருக்கிறதா? இது பிடிஆர் ரெக்கார்டு. ஐபியைக் கேட்டால் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். இதை டொமைன் பக்கத்தில் மாற்ற முடியாது, ஐபியைக் கொடுத்த நிறுவனம்தான் வைத்துத் தர வேண்டும்.

இந்த டொமைனுக்காக அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி இருக்கிறதா? இது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்து இரண்டாக வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அப்படி வைத்தால் இரண்டுமே செல்லாது. அதைச் சரிபார்க்கப் பத்து முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸைத் (டொமைன் ரெக்கார்டுகள் இருக்கும் இணையத்தின் முகவரிப் புத்தகம்) தேட வைத்தாலும் தோல்விதான். கண்ட சேவையையெல்லாம் அதில் சேர்க்காதீர்கள்.

கடிதத்தில் கையெழுத்து இருக்கிறதா, வழியில் யாராவது திருத்தினார்களா? இது டிகேஐஎம். இந்த இரண்டு சோதனையிலும் தோற்ற கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன்காரர் சொல்லியிருக்கிறாரா? இது டிமார்க்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் இவற்றில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. நாம் ஐம்பதுதானே அனுப்புகிறோம் என்று விட முடியாது, சிறியவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர், மறையாக்கம் செய்த இணைப்பு எல்லாம் வேண்டும். மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியாக ஒன்று பாக்கி. அந்த ஐபி இதுவரை எடுத்திருக்கும் நல்ல பேர், கெட்ட பேர். வாடகை வீட்டில் முன்பு குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போயிருந்தால், கடன்காரர்கள் நம் கதவைத்தானே தட்டுவார்கள்? மலிவான சர்வர்களின் ஐபிகளில் பல அப்படிப்பட்ட வீடுகள். அலுவலகத்து பிராட்பேண்டு இன்னும் மோசம். வீட்டு இணைப்புகளின் ஐபிகள் நேரடியாக மெயில் அனுப்பக்கூடாதவை என்றே ஸ்பாம்ஹவுஸ் போன்ற ஸ்பேம் தடுப்பு அமைப்புகளின் பட்டியல்களில் மொத்தமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் கிளவுட் சர்வர்களில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டே (சர்வருக்கு சர்வர் மெயில் போகும் வாசல்) பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும்.

முதலாளி காட்டிய மூலைச் சர்வரின் கதை இங்கேயே முடிந்துவிட்டது. அதில் மெயில் வாங்கலாம், அனுப்பினால் போய்ச் சேராது.

இன்னும் தொல்லை, போய்ச் சேராததும் தெரியாது. எதிர் சர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்பேம் பெட்டியில் போடலாம். நம் பதிவில் எல்லாம் பச்சையாக இருக்கும். பையர் பதில் போடவில்லையே என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு வாரம் காத்திருப்பார்.

ஐந்தாம் படி: சொந்தமாக நடத்துவது என்றால் என்னென்ன வேலை?

இத்தனைக்கும் பிறகும் ஆசை இருக்கிறதா? எனக்கும் இருந்தது, ஆறு வருடம் நடத்தியிருக்கிறேன். அதனால் தடுக்க மாட்டேன், என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. கடிதத்தை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தர டவ்காட், ஸ்பேம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி. மூன்றும் உலகம் முழுக்க ஓடும் நல்ல சரக்கு. தனித்தனியாக நிறுவ விருப்பமில்லையென்றால் எல்லாவற்றையும் கட்டித் தரும் மெயில்கவ், மெயில் இன் எ பாக்ஸ், ஐரெட்மெயில் போன்றவை இருக்கின்றன. மெயில்கவ் குறைந்தது 6 ஜிபி ரேம் கேட்கும், அதனால் இருப்பதிலேயே மலிவான சர்வரில் போட்டுவிட்டுத் திணறாதீர்கள். நிறுவுவதற்கு ஒரு மத்தியானம் போதும்.

நிறுவிய பிறகுதான் வேலையே. வாரம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்கள். மறையாக்கச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்ற கண்காணிப்பு. வட்டு நிறைகிறதா, வரிசையில் மெயில் தேங்குகிறதா, நம் ஐபி ஏதாவது கரும்பட்டியலில் ஏறியிருக்கிறதா என்ற பார்வை. பேக்கப் எடுப்பது, அதை மாதம் ஒருமுறை உண்மையிலேயே திரும்ப எடுத்துப் பார்ப்பது. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. நானும் முதல் இரண்டு வருடம் செய்யவில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பொங்கல் விடுமுறை. நான் நடத்திக்கொண்டிருந்த சர்வரில் கணக்குப் பிரிவின் பாஸ்வேர்டு, நிறுவனத்தின் பெயரும் வருடமும் சேர்ந்த ஒன்று. அதைத் திருத்தச் சொல்லியிருந்தேன், கட்டாயப்படுத்தவில்லை. மாட்டுப் பொங்கலன்று காலையில் பார்த்தால் வரிசையில் ஆயிரக்கணக்கான மெயில்கள், எல்லாம் ஏதோ ஒரு பரிசுச் சீட்டு மோசடி. ஒரு பயனர் மணிக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்ற வரம்பை நான் போடவே இல்லை. கணக்கை முடக்கி, வரிசையை அழித்து, பட்டியல்களிலிருந்து ஐபியை எடுக்கச் சொல்லி விண்ணப்பித்து, எல்லோரும் மறுபடி நம் மெயிலை வாங்க ஆரம்பிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. முழுக்க என் தப்பு. சொந்த சர்வர் வைக்கிறவர்கள் முதல் நாளே போட வேண்டியது அந்த வரம்பு.

மென்பொருள் கம்பெனியின் தப்பாலும் அடி விழும். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சில் இருந்த ஓட்டை வெளியானபோது, சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருந்த ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் உலகெங்கும் மாட்டின. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுடில் நடத்திய எக்ஸ்சேஞ்சுக்கு அந்த ஓட்டையால் பாதிப்பு இல்லை. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வழிகாட்டியின் எட்டாம் படிக்கு நேராகப் போங்கள்.

சட்டமும் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சர்வர் நம்முடையது என்றால் அந்தப் பதிவுகளைக் காப்பதும் நம் வேலைதான்.

ஆறாம் படி: வாடகைக்கு என்றால் யாரிடம், எதைக் கேட்டு?

யார் என்பதை இரண்டு வரியில் முடிக்கலாம். ஆட்கள் எக்ஸெல், வேர்டிலேயே வாழ்பவர்கள் என்றால் மைக்ரோசாஃப்ட். எல்லோரும் ஏற்கெனவே ஜிமெயிலுக்கும் கூகுள் ஷீட்டுக்கும் பழகியவர்கள் என்றால் கூகுள். மெயில் மட்டும் போதும், செலவு குறைய வேண்டும் என்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ. மூன்றும் மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்தான் முக்கியம். நீங்கள் வாங்கும் திட்டத்தில் ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு அவுட்லுக் போன்ற செயலிகளில் பார்க்கும் முறை) உண்டா? சில இலவச, மலிவுத் திட்டங்களில் பிரவுசரிலும் அவர்களுடைய செயலியிலும் மட்டும்தான் பார்க்க முடியும், அவுட்லுக்கில் வராது. ஒரே நிறுவனத்துக்குள் சிலருக்குப் பெரிய திட்டமும் சிலருக்குச் சிறிய திட்டமும் கலந்து வாங்கலாமா? ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு 50 ஜிபி எதற்கு?

ஒருவர் வேலையை விட்டால் அவருடைய பெட்டி என்ன ஆகும்? இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கூகுளில் பயனரை நீக்கினால் 20 நாள் வரை மீட்கலாம், மைக்ரோசாஃப்டில் 30 நாள். அதற்குப் பிறகு அந்த ஆளோடு ஐந்து வருட ஆர்டர் விவரமும் போய்விடும். நீக்கும் முன்பு பெட்டியை வேறொருவருக்கு மாற்றுங்கள், அல்லது முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் ஆடிட்டர் சொல்வார், இன்வாய்ஸ்கள் பல நேரம் மெயிலில்தான் இருக்கும்.

வாடகை என்றால் பேக்கப் அவர்கள் தலைவலி என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ராக்ஸ்பேஸ் நிறுவனம் வாடகைக்கு நடத்திய எக்ஸ்சேஞ்ச் சேவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் முழுதாக நின்றுபோனது. வாடிக்கையாளர்களை மைக்ரோசாஃப்ட் 365க்கு மாறச் சொல்லிவிட்டார்கள், அந்தச் சேவை திரும்ப எழவே இல்லை. பேக்கப் வைத்திருந்தவர்கள் அன்றே வேலையைத் தொடர்ந்திருப்பார்கள்.

ஏழாம் படி: காசுக் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் கற்பனை எண்களில் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் எண்ணை அதில் வைத்துப் பாருங்கள். வாடகை மெயில் ஆளுக்கு மாதம் ரூ.150 என்று வைப்போம். 12 பேருக்கு வருடம் ரூ.21,600. சொந்த வழியில் சர்வர் மாதம் ரூ.1,500, பேக்கப் இடம் மாதம் ரூ.300. வருடம் அதே ரூ.21,600. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி மேலே வரும்.

முதலாளி இதைப் பார்த்து, "செரி, அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்க?" என்றார். ஆள் கூலியைச் சேர்த்தேன். மாதம் நான்கு மணி நேரம், மணிக்கு ரூ.500 என்றால் வருடம் ரூ.24,000. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் விலையை ஏற்றுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. உண்மையில் நான் என் வருமானத்தை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆள் எண்ணிக்கை ஏறினால் கணக்கு திரும்பும். வாடகை ஆளுக்கு ஆள் கூடும், சர்வர் செலவு அப்படிக் கூடாது. 60 பேருக்கு அதே வாடகை ரூ.1,08,000. இரு மடங்கு சர்வர், இரு மடங்கு உழைப்பு என்று வைத்தாலும் சொந்த வழி ரூ.91,200இல் நிற்கும். அப்போதும் அந்த வித்தியாசத்துக்காக இறங்குவேனா என்றால், அலுவலகத்தில் ஏற்கெனவே சம்பளத்துக்கு ஒரு லினக்ஸ் ஆள் இருந்தால் மட்டும். சம்பளச் சீட்டு வாங்க மட்டும் மெயில் முகவரி தேவைப்படும் இருநூறு பேர் உள்ள ஆலை, தரவு எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிய வாடிக்கையாளர் ஆகிய இரண்டுக்கும் சொந்த சர்வர் நியாயமான பதில்.

கலப்பு வழி இங்கேதான் உதவும். பெட்டிகளை நம் சர்வரில் வைத்துக்கொண்டு, அனுப்புவதை மட்டும் பேர் பெற்ற ஒரு சேவை வழியாகத் திருப்பிவிடலாம். அமேசானின் எஸ்இஎஸ் ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட் என்ற அடிப்படைக் கட்டணத்தில் இந்த வேலையைச் செய்கிறது. நான்காம் படியின் தலைவலியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வாடகை மெயில் வைத்திருப்பவர்களும் மொத்த விளம்பரங்களை இப்படி அனுப்பலாம், ஆனால் அதற்கு ஒரு துணை டொமைனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தின் கெட்ட பேர் எல்.சி. (ஏற்றுமதிப் பணத்துக்கு வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) விவரம் போகும் முகவரியில் ஒட்டக்கூடாது.

எட்டாம் படி: மாறும் நாள்

பழைய பெட்டிகளில் இருப்பது முழுவதும் சர்வரில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் அவுட்லுக்கைப் பாப்3 முறையில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மெயிலை இறக்கிக்கொண்டு, உடனேயோ சில நாளிலோ சர்வரிலிருந்து அழித்துவிடும். பத்து வருட மெயில் கணக்குப்பிள்ளையின் கணினியில் ஒரே பிஎஸ்டி கோப்பாக உட்கார்ந்திருக்கும், வேறெங்கும் இருக்காது. எங்கள் அலுவலகத்தில் அப்படி 38 ஜிபிக்கு ஒன்று கிடைத்தது. அந்தக் கணினி தரையில், துணி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. முதலில் அதை நகல் எடுத்தேன், பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்து, மனிதர்கள் அல்லாத பயனர்களைத் தேடுங்கள். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மிஷின், டாலி, பயோமெட்ரிக் கருவி, சிசிடிவி பெட்டி, வெப்சைட்டின் தொடர்புப் படிவம். இவற்றில் பழைய பாஸ்வேர்டு இருக்கும். மாறிய மறுநாள் இவைதான் சத்தமில்லாமல் நிற்கும். புதிய சேவைகளில் இவற்றுக்குத் தனி ஆப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டியிருக்கும்.

இப்போது வரிசை. நம் டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே அதன் டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் உருவாக்கி, பழைய மெயில்களை ஐமேப்சிங்க் போன்ற கருவியால் நகலெடுங்கள். இதை வாரத்தின் நடுவிலேயே தொடங்கலாம், யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் எம்எக்ஸை மாற்றுங்கள். எஸ்பிஎஃப்பையும் டிகேஐஎம்மையும் அப்போதே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நகலெடுப்பை இன்னொரு முறை ஓட்டினால் இடைவெளியில் வந்தவையும் சேர்ந்துவிடும். பழைய பெட்டிகளை இரண்டு வாரமாவது மூடாதீர்கள்.

டிமார்க்கை முதலில் "ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். ஒரு மாதம் அறிக்கைகளைப் பார்த்தால் உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும், நீங்கள் மறந்த ஏதோ ஒரு சேவையும் அதில் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு ஸ்பேமில் போடச் சொல்லுங்கள், கடைசியில் நிராகரிக்கச் சொல்லுங்கள். முதல் நாளே நிராகரிப்பைப் போட்டுவிட்டு உங்கள் இன்வாய்ஸே போகவில்லை என்று என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து

ஏற்றுமதிக்காரர்களை அதிகம் அழவைப்பது ஒரு சாதாரண மெயில்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்." பையருக்கு உங்கள் பெயரில் போகும், அல்லது நூல் சப்ளையர் பெயரில் உங்களுக்கு வரும். யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் புகுந்து வாரக்கணக்கில் கடிதங்களைப் படித்துவிட்டு, சரியான இன்வாய்ஸ் எண்ணோடு எழுதுவார்கள். இல்லையென்றால் உங்கள் டொமைனில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வாங்கிக்கொள்வார்கள். டிமார்க் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது வேறு டொமைன்.

எல்லோருக்கும் இரண்டடுக்கு நுழைவு, விதிவிலக்கு முதலாளிக்கும் இல்லை. பெட்டியில் யாரும் போடாத தானியங்கி ஃபார்வர்டு ஏதாவது இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், உள்ளே புகுந்தவர்கள் முதலில் வைப்பது அதைத்தான். கணக்கு எண் மாற்றம் என்று வந்தால் மெயிலில் பதில் போடாமல், முன்பே தெரிந்த போன் நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மெயிலிலேயே இருக்கும் நம்பரில் அல்ல. பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

அந்தத் திருப்பூர் அலுவலகம் கடைசியில் வாடகை மெயிலுக்குத்தான் போனது. பத்துப் பெட்டி, அதில் நான்கு மட்டும் பெரியது. ஆனால் மூலையில் கிடந்த சர்வரை முதலாளி விற்க விடவில்லை. எனக்கும் அதில் சந்தோஷம்தான். புது ஹார்டு டிஸ்க் இரண்டு போட்டு டவ்காட்டை மட்டும் நிறுவினேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு அது எல்லாப் பெட்டிகளிலிருந்தும் புதிய மெயில்களை இழுத்து வைத்துக்கொள்கிறது. வெளியே ஒரு மெயிலும் அனுப்பாது, அதனால் ஐபிக்கு நல்ல பேரும் தேவையில்லை. மூன்றாவது மாதம் டாக்குமெண்டேஷன் பார்க்கும் பெண் ஒரு ஃபோல்டரையே தவறுதலாக அழித்துவிட்டாள், அதில் அன்று மாலை வங்கிக்குப் போக வேண்டிய பேக்கிங் லிஸ்ட். மூலைச் சர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்க நான்கு நிமிடம் ஆனது.

"பாத்தீங்களா தம்பி, வித்திருந்தா என்னாயிருக்கும்?" என்றார் முதலாளி.